அலமாரியில் நின்ற போத்தல்

அப்பா பணி ஓய்வு பெற்ற நாளில் அவருடைய மேலாளர் ஒரு சிவப்பு ஒயின் போத்தலைப் பரிசளித்தார். எங்கள் வீவக வீட்டு வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், என் பள்ளிக் கோப்பைகளுக்கு நடுவே, அது பத்து ஆண்டுகளுக்கு மேல் நிமிர்ந்து நின்றது. “உன் கல்யாணத்துக்குத் திறக்கலாம்” என்பார் அப்பா. அதற்கு முன்பே அவர் போய்விட்டார். என் திருமணம் முடிந்த வாரத்தில் அண்ணன் அதைத் திறந்தபோது தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே புளித்த வாடை. அம்மா எதுவும் பேசாமல் தொட்டியில் ஊற்றினார்.

சென்ற மாதம் அடிலெய்டு போனபோது அந்தப் போத்தல்தான் நினைவில் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஏழு மணி நேரம். நகர மையத்திலிருந்து கிழக்கே சிறிது தூரம் காரில் சென்றால், மலையடிவாரத்தில் மகில். 1844ல் மருத்துவர் கிறிஸ்டோபர் பென்ஃபோல்டும் மனைவி மேரியும் இங்கே குடியேறித் திராட்சை நட்டார்கள். அவர்கள் வாழ்ந்த சிறு வீட்டின் பெயர் கிரேஞ்ச். ஆஸ்திரேலியாவின் ஆகப் புகழ்பெற்ற சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர்தான். இன்று சுற்றிலும் புறநகர் வீடுகள். நடுவில் கொடி வரிசைகள்.

தோட்டத்துக்குக் கீழே சுரங்க அறைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு கதை உண்டு. 1950ல் ஐரோப்பா சென்ற ஒயின் வல்லுநர் மேக்ஸ் ஷூபர்ட், பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் பல பத்தாண்டுகள் முதிர்ந்த ஒயின்களைச் சுவைத்து வியந்தார். ஊர் திரும்பி, 1951ல் ஷிராஸ் திராட்சையில் தம் முதல் சோதனையைத் தொடங்கினார். இளம் ஒயினைச் சுவைத்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1957ல் நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. அவரோ மூன்று ஆண்டுகள் ரகசியமாகத் தயாரித்து, சுரங்கத்தில் மறைத்து வைத்தார். அதற்குள் பழைய போத்தல்கள் முதிர்ந்து சுவை கூடின. 1960ல் நிர்வாகமே மீண்டும் செய்யச் சொன்னது.

வழிகாட்டியிடம் அப்பாவின் போத்தலைப் பற்றிச் சொன்னேன். “நிற்க வைத்திருந்தீர்களா?” என்று உடனே கேட்டார். படுக்க வைத்தால்தான் ஒயின் பட்டுத் தக்கை ஈரமாக இருக்குமாம். நின்றால் தக்கை காய்ந்து, காற்று புகுந்துவிடும். வெளிச்சம் படாத, சுமார் 13 டிகிரி குளிர்ச்சியான இடம் வேண்டும். நம் வீட்டு வரவேற்பறையோ 30 டிகிரி! தவிர, பெரும்பாலான ஒயின்கள் சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கே தயாராகின்றன. பல பத்தாண்டுகள் தாங்குபவை மிகச் சில.

பரிமாறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதிர்ந்த போத்தலை முதல் நாளே நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். பிறகு கண்ணாடிக் குடுவைக்கு மெதுவாக மாற்ற வேண்டும். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இளம் ஒயினைக் குடுவையில் ஒரு மணி நேரமாவது மூச்சுவிட விடலாம். மிகப் பழையதை அதிகம் காக்க வைத்தால் மணம் போய்விடும். ‘அறை வெப்பநிலை’ என்பது குளிர்நாட்டு அறை, அதாவது 16 முதல் 18 டிகிரி. நம் ஊரில் சிறிது நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாக இருக்கும். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் போதும். மணம் சேர இடம் வேண்டும்.

வானொலியில் இரண்டு விநாடி மௌனம் வந்தாலே பதறுகிறவள் நான். அன்று கிண்ணத்தை முகர்ந்தபடி பேசாமல் நின்றேன். முதலில் நாவற்பழம், பிறகு மிளகு, கடைசியில் பீப்பாய் மரத்தின் இனிய வாசம். விழுங்கிய பிறகும் சுவை நாக்கைவிட்டுப் போகவில்லை.

கிரேஞ்ச் வாங்க என் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. எளிய ஷிராஸ் ஒன்று வாங்கி வந்து, துணி அலமாரியின் அடித்தட்டில் படுக்க வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் அப்பாவின் பிறந்தநாள். நல்ல நாள் வரட்டும் என்று இனிக் காத்திருப்பதாக இல்லை. அம்மாவும் ஒரு வாய் வேண்டும் என்றிருக்கிறார்.