மாட்டலுக்குப் பின்னால் ஒரு மெஷின்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. மஞ்சக்குப்பம், கடலூர்

காது மெஷின் வந்தாயிற்று. வலது காதுக்குச் சிவப்புப் புள்ளி, இடதுக்கு நீலம். காதுக்குப் பின்னால் உட்காரும் வகை. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கி, என் காதுக்கென்று வார்த்த மோல்டில் முடிகிறது. செல்லின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்த்ததும் போட்டு மூடிவிடக் கூடாதாம். காற்றை இழுத்து வேலை செய்கிற செல் அது. ஒரு நிமிஷம் வெளியே வைத்திருக்க வேண்டும்.

முதலில் கேட்டது என் குரல்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை. "ஈரத் துணியை எடுத்துப் போடுங்க" என்று இவரிடம் சொன்னேன். அந்த 'ஈ', கிணற்றுக்குள் குனிந்து கத்தியது போல மண்டைக்குள் சுற்றியது. அப்பளம் கடித்தால் தலைக்குள் உட்கார்ந்து வேறு யாரோ கடிக்கிறார்கள். நாம் பேசுகிற சத்தமும் மெல்லுகிற சத்தமும் எலும்பு வழியாகவும் காதுக் குழிக்குள் வருமாம். திறந்த காதில் அது வெளியே போய்விடும். மோல்டு வாசலை அடைத்தால் உள்ளேயே நிற்கும்.

வெள்ளிக்கிழமை

காதுமடலின் மேல்மடிப்பில், மோல்டின் நுனி செருகும் இடத்தில், விண் விண்ணென்று தெறிக்கிறது. கண்ணாடிக் காம்பு, மெஷின், ஜிமிக்கியின் மாட்டல், மூன்றும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. மாட்டல் மைக்கில் உரசும்போதெல்லாம் கரகரவென்று ஒரு சத்தம். இதை வடிவமைத்தவர்கள் மாட்டல் போட்ட காதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாங்கின இடத்துக்குப் போன் செய்தால் "பழகிடும்மா" என்கிறார்கள். எதிர்வீட்டுப் பெரியவருக்கும் அதையேதான் சொன்னார்களாம். அவருடைய மெஷின் பழைய சாவிக்கொத்துகளோடு பீரோவில் கிடக்கிறது. பழகியது பீரோதான்.

தீபாவளி

பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் வைத்திருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும் விதி இருக்கிறது, யார் அளக்கிறார்கள்? நாள் முழுக்க மெஷினைக் கழற்றி வைத்தேன். கழற்றிய பிறகும் ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. பக்கத்து அறையில் கூப்பிட்டால் கேட்காத எனக்கு இது மட்டும் எப்படி இத்தனை கேட்கிறது என்று இவருக்கு ஆச்சரியம். எனக்கும்தான்.

ஐப்பசிக் கடைசி. சிதம்பரம், மகள் வீடு

பஸ்ஸில் வரவில்லை. ஏர் ஹாரனையும் ஜன்னல் ஷட்டரின் கடகடப்பையும் மெஷினோடு தாங்க முடியாது. திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ஏறி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று வந்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் மட்டும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

இங்கே ஓர் ஆடியாலஜிஸ்ட் அம்மாவிடம் மகள் கூட்டிப் போனாள். சின்ன வயசு, பொறுமையான பெண். நான் ஒரே மூச்சில் எல்லாக் குறையையும் கொட்ட, "எது வலி, எது சத்தம்னு பிரிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். இத்தனை நாளாக இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

வலிக்கிற இடத்தை விளக்கு வைத்துப் பார்த்தார், சிவந்திருந்தது. மோல்டின் அந்த நுனியை அங்கேயே ராவி, மெருகேற்றி, திரும்பப் போட்டார். அதுவும் போதாதென்று புதிதாக அளவெடுத்தார். முதலில் நூல் கட்டிய பஞ்சை உள்ளே வைத்துவிட்டு, பிறகு குளிர்ச்சியான பசையை நிரப்பி, "வாயைத் திறந்து மூடுங்க" என்றார். தாடை அசையும்போது காதுக் குழியும் உருமாறும் என்பதால், வாயை இறுக்கிக்கொண்டு கொடுத்த அளவில் வார்த்த மோல்டு பேசும்போது உறுத்துமாம். மெஷின் போட்ட காது வலித்தால் அது பழகாது, பழக்கவும் கூடாது. நீர் வடிந்தாலோ சீழ் வந்தாலோ மோல்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விட வேண்டும் என்றார். சிலருக்கு அக்ரிலிக் ஒத்துக்கொள்ளாமல் அரிக்கும். அவர்களுக்கு சிலிகான் மோல்டு உண்டு.

கிணற்றுக் குரலுக்கு மோல்டில் ஒரு துளை. துளை பெரிதானால் கீச்சென்று கூவத் தொடங்கும், சிறிதானால் குரல் அடைக்கும். நடுவில் ஓர் அளவு பிடித்தார். வெடிச் சத்தத்துக்கும் விளக்கம் கிடைத்தது. நரம்புவழிக் காது மந்தத்தில் மெல்லிய சத்தங்கள்தான் தொலைகின்றன. பெரிய சத்தம் நல்ல காதுக்குக் கேட்கிற அளவுக்கே கேட்கும். கேட்கத் தொடங்கும் இடத்துக்கும் தாங்க முடியாத இடத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுருங்கிப்போகிறது, அவ்வளவுதான். மெஷின் எந்த அளவுக்கு மேல் கத்தக் கூடாது என்று கம்ப்யூட்டரில் ஓர் எல்லை வைக்கலாம். என் மெஷினில் அதைக் கொஞ்சம் இறக்கி வைத்தார்.

கார்த்திகை. கடலூர்

அடை மழை. வலி இல்லை. மிச்சம் இருப்பது சத்தம். அது பழகத்தான் வேண்டும். மின்விசிறி, ஃபிரிட்ஜ், புடவைக் கொசுவத்தின் சரசரப்பு எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வருகின்றன. மூளை பல வருஷமாக இவற்றைக் கேட்காமல் இருந்துவிட்டது. எதைத் தள்ளிவிடுவது என்று அதற்கு மறந்துவிட்டதாம். அதனால் முதலில் வீட்டுக்குள், ஒருவரோடு மட்டும் பேச்சு. அப்புறம் கூடத்தில் நாலு பேர். கடைத்தெரு கடைசியில்.

கடலோர ஈரத்தில் மெஷினுக்கு ஆயுள் குறைவு. ராத்திரி செல் மூடியைத் திறந்து, சிலிகா ஜெல் போட்ட டப்பியில் வைக்கிறேன். குருணை நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு தொடுவதில்லை. எண்ணெய் ஸ்நான நாளில் தலை காய்ந்த பிறகுதான் மெஷின். கொண்டையில் வைக்கும் மல்லிகைச் சரத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். மாட்டலைக் கழற்றிவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

மார்கழி. சிதம்பரம்

ஆருத்ராவுக்கு வந்தோம். ஒன்பதாம் நாள் தேர், நாலு வீதியிலும் கூட்டம். தவில் நெருங்கியபோது பட்டனை அழுத்திச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன், போதுமாக இருந்தது. கோயிலுக்குள் தீபாராதனை மணி வேறு விஷயம். கல் மண்டபத்தில் சத்தம் சுவருக்குச் சுவர் திரும்பி வருகிறது. மெஷினில் இதற்கு நல்ல மருந்து கிடையாது. அந்த நேரம் மட்டும் அணைத்துவிட்டுக் கைகூப்பினேன்.

வீட்டில் களி சாப்பிடும்போது பேத்தி சொன்னாள்: "ஆயா, நீ இப்பல்லாம் கத்தாம பேசுற."

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, மெஷினால் பயன் பெறக்கூடியவர்களில் 17 சதவீதம் பேர்தான் அதைப் போடுகிறார்கள். மற்றவர்களில் வாங்க முடியாதவர்களும் உண்டு. நம் ஊரில் அடையாள அட்டை இருந்தால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இலவசமாகவே தருகிறது. ஆனால் மெஷினைக் கொடுப்பது பாதி வேலை. மோல்டை ராவிக் கொடுக்க ஓர் ஆள் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

நான் சொல்வது வாங்கிப் பூட்டி வைத்தவர்களைப் பற்றி. உங்கள் வீட்டு பீரோவில் ஒரு மெஷின் கிடந்தால், அப்பாவிடமோ அம்மாவிடமோ "ஏன் போடல?" என்று கேட்காதீர்கள். "எங்க வலிக்குது?" என்று கேளுங்கள். விரலை வைத்துக் காட்டினால், மெஷினையும் மோல்டையும் எடுத்துக்கொண்டு அவர்களை ஆடியாலஜிஸ்டிடம் கூட்டிப் போங்கள். பெரும்பாலும் புது மெஷின் தேவைப்படாது. மோல்டு மாற்றினால் போதும்.