ஊர்ப்பெயர் தாங்கிய கற்கள்

போபாலில் வாழும் தமிழன்பர்களுள் சாஞ்சியைப் பாராதவர் சிலரே இருப்பர். ஊரிலிருந்து உறவினர் வந்தால் அழைத்துச் சென்று காட்டுவது நம் வழக்கம். ஆயினும் விருந்தினரோடு செல்லும்போது, தோரண வாயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதிலேயே பொழுது போய்விடுகிறது. சென்ற தைத் திங்களில் ஒரு ஞாயிறன்று, விருந்தினர் எவருமின்றி நானும் என் மகனும் மோட்டார் சைக்கிளில் அங்குச் சென்று வந்தோம்.

ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவு. காலை 7 மணிக்குப் புறப்பட்டபோது பனி விலகவில்லை. கையுறைக்குள்ளும் விரல்கள் விறைத்தன. சாலையின் இருமருங்கிலும் கோதுமைப் பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. கடகரேகை சாலையைக் கடக்கும் இடத்தை ஒரு பலகை காட்டுகிறது. அங்கு வண்டியை நிறுத்தி, வீட்டிலிருந்து கொண்டுவந்த காப்பியை அருந்தினோம்.

அப்போதுதான் மகன், பல நாட்களாக மனத்தில் வைத்திருந்ததைச் சொன்னான். கல்லூரி விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் எழுதுவதற்கென்று ஒரு கட்டம் உண்டு. நமக்கோ அத்தகைய பெயர் இல்லை. அவன் பெயருக்கு முன் இரண்டு எழுத்துகள் நிற்கின்றன. ஒன்று எங்கள் ஊராகிய திருவையாற்றுக்கு உரியது, மற்றொன்று எனக்கு உரியது.

“உங்கள் பெயரின் எழுத்து இருக்கட்டும், அப்பா. ஆனால் நான் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் தங்கியிராத ஊர் என் பெயரில் எதற்கு? போகும் இடமெல்லாம் அதற்கு விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது. எடுத்துவிடலாமா?” என்று கேட்டான்.

எனக்கு உடனே விடை கூறத் தோன்றவில்லை. “பார்ப்போம்” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினேன்.

சாஞ்சிக் குன்று ஏறக்குறைய 90 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியிலுள்ள பெரிய தூபியின் விட்டம் 36.6 மீட்டர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் செங்கல்லால் எழுப்பிய தூபியைப் பின்வந்தோர் கற்களால் மூடிப் பெரிதாக்கினர். நான்கு தோரண வாயில்களும் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றின் சிற்பங்களில் புத்தரின் உருவத்தைக் காண இயலாது. போதிமரம், அறவாழி, அடிச்சுவடு, வெற்றிருக்கை ஆகியவையே அவரைக் குறிக்கின்றன.

வாயில்களின் அழகில் மயங்கி நாம் கடந்துவிடுவது, தூபியைச் சூழ்ந்திருக்கும் எளிய கல்வேலியை. அதன் தூண்களிலும் குறுக்குக் கற்களிலும் சிறு சிறு எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. முதிய வழிகாட்டி ஒருவர் எங்களை அருகழைத்து, ஒவ்வொரு வரியின் இறுதியையும் விரலால் சுட்டிக் காட்டினார். இரண்டே எழுத்துகள், அவற்றோடு ஒரு புள்ளி. “தானம்” என்று படித்தார் அவர். 1837ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் என்னும் ஆங்கிலேயர், இவ்வரிகள் பலவும் ஒரே சொல்லில் முடிவதைக் கண்டு, அது ‘தானம்’ ஆகலாம் என்று ஊகித்தார். எவராலும் படிக்க இயலாதிருந்த பிராமி எழுத்தின் பூட்டு அச்சொல்லால் திறந்தது. நம் தமிழ் எழுத்தும் அந்தப் பிராமியின் வழிவந்ததே என்று மகனுக்குச் சொன்னேன்.

கொடுத்தவர்கள் யார்? பெரும்பாலோர் அரசர் அல்லர். துறவியர், பிக்குணிகள், வணிகர், நெசவாளர், இல்லறத்துப் பெண்டிர் முதலியோர் ஆளுக்கொரு கல்லாக அளித்துள்ளனர். பலர் தம் பெயரோடு தம் ஊரையும் பொறித்திருக்கின்றனர். உஜ்ஜயினியிலிருந்து வந்தோர் மிகப் பலர். தெற்கு வாயிலின் சிற்பவேலை விதிசை நகரத்துத் தந்தச் சிற்பிகள் செய்தது என்று அவ்வாயிலே கூறுகிறது.

தமிழகத்திலும் இவ்வழக்கம் இருந்ததுண்டு. கரூரை அடுத்த புகலூர்க் குன்றில், சமண முனிவர்க்குக் கற்படுக்கை அளித்தவன் தன்னைக் கருவூர்ப் பொன்வணிகன் என்று பொறித்துள்ளான். திருப்பரங்குன்றத்துக் குகையில் ஒருவன் எருக்காட்டூரைக் குறிப்பிடுகிறான்.

பின்பு, புத்த விகாரையில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். புத்தரின் தலைமாணாக்கர் சாரிபுத்தர், மொக்கல்லானர் ஆகியோரின் திருவெலும்புகள் 1851இல் இக்குன்றில் எடுக்கப்பட்டு இங்கிலாந்து சென்றன. நெடுங்காலம் கழித்து மீண்டுவந்த அவை 1952இல் இவ்விகாரையில் வைக்கப்பட்டன.

குன்றின் அடிவாரத்தில் அருங்காட்சியகம் உள்ளது. சர் ஜான் மார்ஷல் 1919இல் குன்றின்மேல் அமைத்தது, 1966இல் இப்போதைய கட்டடத்திற்கு மாற்றப்பட்டது. நடுக்கூடத்தில் அசோகர் தூணின் நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு பொருந்தி நிற்கின்றன. இருபத்திரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் கல்லின் மெருகு குன்றவில்லை. வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை என்பதைச் செல்வோர் நினைவில் கொள்க.

மகன் நெடுநேரம் சிங்கங்களைப் பார்த்தவாறு நின்றான். பிறகு கேட்டான்: “உஜ்ஜயினிக்காரர் தாம் வாழ்ந்த ஊரை எழுதினார். அந்த முறைப்படி பார்த்தால் என் எழுத்து ‘போ’ அல்லவா, அப்பா?”

நான் இதனை எதிர்பார்க்கவில்லை. கேட்டதும் நெஞ்சில் ஒரு சிறு வலி எழுந்தது உண்மை. எனினும் அவன் வாதத்தில் குறை காண இயலவில்லை. திருவையாறு எனக்கு ஆற்றங்கரையும் என் அன்னையும் ஆகும். அவனுக்கு அது கோடை விடுமுறை. போபாலின் ஏரியும் அங்குள்ள நண்பர்களுமே அவனுக்கு ஊர். ஊரைப் பெயரோடு சேர்ப்பது, ‘இன்ன இடத்திலிருந்து வந்து இதனைச் செய்தேன்’ என்று பிறர் அறியச் சொல்வதற்கே. சொல்பவன் அறியாத ஊரால் அப்பயன் விளையாது.

“எந்த எழுத்தை எழுதினாலும் அதன் பொருளைச் சொல்லக்கூடியவனாக இரு. அது போதும்” என்றேன். அவன் இன்னும் முடிவு செய்யவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் வரும் கோடையில் ஒரு மாதம் திருவையாற்றில் தங்கவேண்டும் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

பிள்ளைகளோடு சாஞ்சி செல்லும் அன்பர்கள், தோரணங்களைக் கண்டபின் அந்தக் கல்வேலியருகே சிறிது நேரம் நிற்பார்களாக. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெளியூரிலிருந்து வந்து ஆளுக்கொரு கல் கொடுத்த குடும்பங்கள் அங்கே தம் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.