ஓடும் படகில் ஓர் அஸர்



ஐப்பசி விடுமுறையில் கொல்லத்திலிருந்து ஆலப்புழைவரை நாங்கள் படகில் சென்றுவந்த செய்தி ஊரில் பரவியபின், சிலர் நேரிலும் சிலர் பிறர் வழியாகவும் ஒரே கேள்வியைக் கேட்டனர்: மதரஸா உஸ்தாதுகளுக்கு உல்லாசப் பயணம் எதற்கு? அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்தால் உம்ராவுக்கு ஆகுமே என்றும் சொன்னார்கள். மூன்று குடும்பங்கள், 17 பேர், கட்டுச்சோறு, இரண்டாம் வகுப்பு ரயில். அந்தச் செலவைக் கூட்டினால் ஒருவருடைய உம்ராவுக்குக்கூடக் காணாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாங்கள் போனதற்குக் காரணம் வேறு.

எங்கள் பாடத்தில் கப்பலில் தொழுவது பற்றிய சட்டங்கள் வரும். ஆண்டுதோறும் அதை நடத்துகிறோம். கேட்கும் பிள்ளைகளோ நல்லூர்ப் பிள்ளைகள். பெற்றோரில் பலர் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் வேலை செய்கிறவர்கள். மணிமுத்தாறு மழைக்காலத்தில் சில நாள் நிறைந்து ஓடும். மற்ற நாட்களில் மணலும் முட்செடியும்தான். நூஹ் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கப்பலைப் பற்றிச் சொல்லும்போதும் அவர்கள் மனத்தில் ஓடுவது தொலைக்காட்சியில் கண்ட ஏதோ ஒரு கப்பல்தான். “படகு திரும்பினால் கிப்லாவும் திரும்புமா, ஹஜ்ரத்?” என்று எங்கள் பிள்ளைகளில் ஒருவன் ஒருநாள் கேட்டான். கரும்பலகையில் வரைந்து காட்டினோம். அவனுக்குத் தெளிவாகவில்லை.

செங்கோட்டை வழியாகக் கொல்லம் சென்று சேர்ந்தோம். இந்தக் காயல்வழி நமக்குப் புதிதன்று. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா கோழிக்கோட்டிலிருந்து கொல்லத்துக்கு இவ்வழியில்தான் வந்தார். பகலில் படகு, இரவில் கரையோர ஊர்களில் தங்கல் என்று 10 நாள் பயணம். தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்டவர் அவர். ஜும்ஆவுக்காகக் கோழிக்கோட்டில் கரையில் தங்கினார். அவ்வேளையில் எழுந்த புயலில் பரிசுப்பொருள்கள் ஏற்றிய பெரிய கப்பல் நொறுங்கியது. அவருடைய உடைமைகள் இருந்த சிறிய கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. அது கொல்லத்தில் நிற்கும் என்று கேள்விப்பட்டுத்தான் காயல்வழியாக வந்தார். பிள்ளைகளுக்கு ரயிலில் இதைச் சொல்லிக்கொண்டு போனோம். கப்பல் கிடைத்ததா என்பதுதான் அவர்களுடைய கவலை. கிடைக்கவில்லை.

கொல்லத்தில் இறங்கிய அன்று மாலையே ஒரு சோதனை வந்தது. மன்றோ துருத்துக்கு அருகிலுள்ள குறுகிய கால்வாய்களைச் சுற்றிக்காட்டுவதாக ஒரு படகுக்காரர் முன்பணமாக 1000 ரூபாய் வாங்கியிருந்தார். ஐந்து மணிக்குத் துறைக்குப் போனோம். 17 பேருக்கும் ஒரே படகு. லைஃப் ஜாக்கெட் 9 இருந்தன. குழந்தைகளுக்கான அளவில் ஒன்றுகூட இல்லை. கிழக்கே மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தது. கேரளத்தில் துலாவர்ஷம் என்பார்கள்; ஐப்பசியில் பிற்பகலுக்குமேல் இடியோடு வரும் மழை. “ஆழமே இல்லை, நெஞ்சளவுதான்” என்றார் படகுக்காரர். நாலு வயதுப் பிள்ளைக்கு யாருடைய நெஞ்சளவு?

எங்களில் மூத்த ஹஜ்ரத், “அல்லாஹ்வின்மீது தவக்குல் வைத்து ஏறுங்கள். பிள்ளைகள் ஆசையோடு நிற்கிறார்கள்” என்றார். பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்தும் ஆலிமா, எங்களில் ஒருவரின் துணைவியார், தலை கவிழ்ந்தபடியே, “ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே தவக்குல், ஹஜ்ரத்? நீங்கள்தானே எங்களுக்கு அந்த ஹதீஸைப் பாடம் எடுத்தீர்கள்” என்றார். பிறகு யாரும் பேசவில்லை. ஏறாமல் திரும்பினோம். சின்னவர்கள் அழுதார்கள். முன்பணம் போயிற்று. இரவு உணவின்போது மூத்த ஹஜ்ரத் எவரிடமும் பேசவில்லை.

அன்று மழை பெய்யவில்லை. அந்தப் படகு வேறு ஆட்களை ஏற்றிச்சென்று பத்திரமாகத் திரும்பி வந்தது. காலையில் அவர் அதைச் சுட்டிக்காட்டவும் செய்தார். ஆனாலும் அந்த முடிவு சரியானது என்பதே எங்கள் கருத்து. 2023 மே 7ஆம் நாள், மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், இருட்டியபின் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நம்மைப்போலவே விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிவந்த குடும்பங்கள். 2009 செப்டம்பர் 30இல் தேக்கடியில் 45 பேர். அந்தப் படகுகளும் முந்தைய நாட்களில் பத்திரமாகத் திரும்பியவைதாம். ஒருநாள் தப்பியது மறுநாளுக்கு ஆதாரமாகாது. பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானிதம். அவர்களுடைய ஆசையைக் காரணம் காட்டி அதில் குறைவைக்க நமக்கு உரிமையில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு, பேருந்து நிலையத்தை அடுத்த துறையிலிருந்து கேரள அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகில் புறப்பட்டோம். எட்டு மணிநேரப் பயணம். 1993இல் தேசிய நீர்வழி எண் 3 என்று அறிவிக்கப்பட்ட கொல்லம்–கோட்டப்புரம் வழியின் தென்பகுதி இது. ஏறுமுன் மூத்த ஹஜ்ரத்தே பணியாளரிடம் சென்று, ஜாக்கெட் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று கேட்டதை நாங்கள் கண்டும் காணாதவர்போல் இருந்தோம்.

பயண துஆவை எல்லோரும் சேர்ந்து ஓதினோம். அஷ்டமுடிக் காயல் கடல்போல விரிந்து கிடந்தது. பிறகு கால்வாய் ஒடுங்கியது. கரையில் துணி துவைப்பவர்கள், கயிறு திரிப்பவர்கள், சீனவலைகள். மதில்மேல் நின்ற பள்ளிப் பிள்ளைகள் கையசைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஒரே பக்கமாக ஓடியபோது பணியாளர் அதட்டி உட்கார வைத்தார்.

மதிய உணவுக்கு ஒரு கரையோரக் கடையில் படகு நின்றது. ழுஹரைக் கரையிலேயே கஸ்ராகத் தொழுதோம். எங்களில் ஒருவரின் துணைவியார் பரங்கிப்பேட்டைக்காரர், ஷாஃபிஈ மத்ஹப். அவர் ழுஹரோடு அஸரையும் சேர்த்து முடித்துக்கொண்டார். ஹனஃபிகளான நாங்கள் அஸரின் நேரத்துக்குக் காத்திருந்தோம். இரண்டு மத்ஹபும் ஒரே திண்ணையில் பிள்ளைகளுக்குப் பாடமாயின. (மணிமுத்தாற்றின் நீர் வெள்ளாற்றில் கலந்து அவருடைய ஊரில்தான் கடல் சேர்கிறது. “உங்கள் ஆற்றுக்கு முடிவு எங்கள் ஊர்” என்று அவர் எப்போதும் சொல்வார்.)

காயங்குளம் காயலைத் தாண்டி, உப்புநீர் ஏறாமல் தடுக்கும் திருக்குன்னப்புழை மதகையும் கடந்தபின் பல்லனை வந்தது. 1924 ஜனவரி 16ஆம் நாள், கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்கு வந்த ரிடீமர் என்ற படகு இங்கேதான் கவிழ்ந்தது. மலையாள மகாகவி குமாரன் ஆசான் தம் 50ஆம் வயதில் அதில் இறந்தார். அதிலும் ஆட்கள் அளவுக்கு மீறித்தான் ஏற்றப்பட்டிருந்தார்கள். நாங்கள் வந்ததும் அதே வழி, அதே திசை. ஆலிமா கைப்பிள்ளையின் ஜாக்கெட் முடிச்சை மறுபடி இறுக்கினார்.

நாலரைக்கு அஸர். படகின் பின்பகுதியில் இடம் ஒதுக்கித் தந்தார்கள். ஓடும் கப்பலில் தக்க காரணம் இல்லாதவரும் அமர்ந்து தொழலாம், நிற்பதே சிறப்பு என்பது இமாம் அபூஹனீஃபா ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்களின் கருத்து. தலைசுற்றல் அங்கே இயல்பு என்பது காரணம். இயன்றவர் நின்றே தொழவேண்டும் என்பார்கள் அவர்களுடைய இரு மாணவர்களும். முழங்கால் வலியுள்ள பெரியம்மா அமர்ந்தார், நாங்கள் நின்றோம். முதல் ரக்அத்தில் கிப்லா படகின் இடப்பக்க முன்மூலையில் இருந்தது. இரண்டாவதில் கால்வாய் வளைந்தது. இமாமாக நின்ற மூத்த ஹஜ்ரத் மெல்லத் திரும்பினார். அவரோடு ஸஃப்பும் திரும்பியது. தென்னைகள் எங்களுக்கு முன்னால் நகர்ந்தன. கேள்வி கேட்ட பையன் ஸலாம் கொடுத்ததும், “படகுதான் திரும்பியது, ஹஜ்ரத். கிப்லா அங்கேயேதான் இருந்தது” என்றான். கரும்பலகையில் நாங்கள் வரைந்ததும் அதுவேதான்.

ஆலப்புழைத் துறையில் படகு நின்றபோது மக்ரிபின் நேரம் ஆகியிருந்தது. மூத்த ஹஜ்ரத் முதலில் இறங்கி நின்று, ஒவ்வொரு பிள்ளையையும் கைபிடித்து இறக்கிவிட்டார். ஆலிமாவின் கைப்பிள்ளையை அவரே தோளில் போட்டுக்கொண்டார். பள்ளிவாசல் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு நடந்தோம்.