சுண்டைக்காயும் சுமைகூலியும்

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது நம் முன்னோர் சந்தையில் கண்டறிந்து சொன்ன உண்மை. பொருளின் விலையை மட்டும் பேசி முடித்துவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறவன், அதைச் சுமந்து வந்ததற்கான கூலியைப் பிறகுதான் எண்ணிப் பார்க்கிறான். இப்பழமொழியின் முழுப்பொருளையும் நமக்கு உணர்த்தியது காய்கறிச் சந்தையன்று. 2000ஆம் ஆண்டில் கொரட்டூரிலுள்ள நமது இல்லத்துக்கு நாம் வாங்கிய மலிவுவிலை இணைய இணைப்பேயாகும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கென இணையச் சேவை திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15ஆம் நாள். விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசு நிறுவனத்தின் கையிலேயே மூன்றாண்டுகளுக்கும் மேலாக அது இருந்துவந்தது. 1998 நவம்பரில் தனியாருக்கும் உரிமம் வழங்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தபின், பெரியதும் சிறியதுமாகப் பல நிறுவனங்கள் தோன்றின. அரிசிக் கடையில் படிக்கணக்கில் அரிசி விற்பதைப்போல, இவை மணிக்கணக்கில் இணையத்தை விற்றன. இருபத்தைந்து மணி, ஐம்பது மணி, நூறு மணி என்று அழகிய அட்டைப் பெட்டிகளில் அடைத்து, கணினிப் பொருள்கள் விற்கும் கடைகளில் அடுக்கி வைத்திருந்தனர்.

நமக்கு அது தேவைப்பட்ட காரணத்தைச் சொல்ல வேண்டும். நம் மூத்த சகோதரர் அந்நாளில் சவூதி அரேபியாவின் தம்மாமில் பணியாற்றிவந்தார். அங்கிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவர் தொலைபேசியில் பேசும் பத்து நிமிடங்களுக்காகவே அந்த வாரத்தின் மற்ற நாள்களை நம் அன்னையார் கழித்துவந்தார் எனில் அது மிகையாகாது. கடிதம் வந்துசேரப் பத்து நாள்கள் ஆகும். வெளிநாட்டு அழைப்புக்கோ செலவு மிகுதி. மின்னஞ்சல் ஒன்றே வழி என்று சகோதரர் எழுதினார். வில்லிவாக்கத்துக் கடைக்காரர், “இதைவிடச் சகாயமா மெட்ராஸ்ல எவனும் கொடுக்க மாட்டான், பாய்!” என்று ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். ஐம்பது மணி நேரம். விலை 350 ரூபாய். மணிக்கு ஏழே ரூபாய்! பெரிய நிறுவனங்களின் பெட்டிகள் பக்கத்திலேயே கூடுதல் விலையில் இருக்க, நாம் இதையே வாங்கிவந்தோம்.

இன்றைய இளைஞர்களுக்கு அந்த இணைப்பின் தன்மை விளங்காது. தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அமைந்தது. வினாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகளை மட்டுமே அது சுமக்கும். கணினியின் எண்களை அத்தகைய ஒலியாக மாற்றி அனுப்பி, எதிர்முனையிலிருந்து வரும் ஒலியை மீண்டும் எண்களாக்கித் தருவதே மோடம் என்னும் கருவி. அது கீச்சிட்டுக் கரகரத்து மறுமுனையோடு உடன்பாடு காணும்வரை நாம் மூச்சடக்கிக் காத்திருப்போம். வினாடிக்கு 56 ஆயிரம் பிட்டு என்று மோடத்தின்மேல் அச்சிட்டிருந்தது; நமது இல்லத்தில் 40 ஆயிரத்தைத் தொட்ட நாள் நன்னாள்.

இணையம் ஓடுகிறபோது தொலைபேசி ஊமையாகிவிடும். எனவே மஃரிபு முதல் இஷா வரையிலும், வெள்ளிக்கிழமை முழுவதும், கம்பி அன்னையாருக்கே உரியது என்று இல்லத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. எஞ்சிய நேரத்தில் அழைத்தாலும் இணைப்பு எளிதில் கிட்டாது. மறுமுனையில் ‘டொய்ங், டொய்ங்’ என்று வேறொருவர் பேசிக்கொண்டிருக்கும் ஒலியே கேட்கும். இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை முப்பது முறை சுழற்றினால் ஒருமுறை வாய்க்கும்.

இதற்குக் காரணம் பிறகு விளங்கிற்று. தொலைபேசி நிலையத்திலிருந்து இணைய நிறுவனம் வாடகைக்குப் பெறும் ஒரு வடம் ஒரே நேரத்தில் 30 அழைப்புகளைத் தாங்கும். முப்பத்தொன்றாமவர் காத்திருக்க வேண்டும். எத்தனை வாடிக்கையாளருக்கு எத்தனை வழிகள் தேவை என்பதைக் கணித்தறியும் முறையொன்று உண்டு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிசெய்த ஏர்லாங் என்ற டென்மார்க்குக் கணித அறிஞர் 1909ஆம் ஆண்டிலேயே அதற்கு அடிக்கல் நாட்டிவிட்டார். ஆகவே வழிகளைக் குறைவாக வைப்பது அறியாமையன்று. அது ஒரு முடிவு. விலையில் குறைத்ததை வழியில் குறைத்து ஈடுகட்டிக்கொள்வதே அம்மலிவின் இரகசியம். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இது நடந்தது. ஏஓஎல் நிறுவனம் 1996 டிசம்பரில் மாதம் 19.95 டாலருக்கு வரம்பில்லா இணைப்பு வழங்கத் தொடங்க, மக்கள் திரண்டு சேர்ந்து, எங்கும் அதே ‘டொய்ங்’ ஒலியே கேட்டது. பல மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் தலையிட்டபின், 1997 ஜனவரியில் பணத்தைத் திருப்பித் தர அந்நிறுவனம் உடன்பட்டது.

நமக்கு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டது. கொரட்டூரின் தாழ்வான தெருக்களில் மழைநீர் தேங்கி நிற்பது அப்பகுதியினர் நன்கறிந்தது. நீர் தேங்கிய நாள்களில் கம்பியில் இரைச்சல் ஏறும். இணைப்பு ஐந்தாறு நிமிடங்களில் அறுந்துவிடும். இணைய நிறுவனத்தாரைக் கேட்டால், “உங்க டெலிபோன் லைன்லதான் சார் கோளாறு” என்பர். பழுது பார்க்க வந்த தொலைபேசி ஊழியரோ நேர்மையான மனிதர். மண்ணைத் தோண்டிக் கம்பியின் இணைப்பில் நீர் புகுந்திருப்பதைக் கண்டு சீர்செய்துவிட்டு, “பேசுறவங்க காது இரைச்சலைத் தாங்கிக்கும் பாய், உங்க பெட்டி தாங்காது” என்றார். அதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் எந்நூலிலும் படித்ததில்லை.

அம்மழைக்காலத்தில்தான் தம்மாமில் சகோதரருக்கு ஆண்மகவு பிறந்தது. குழந்தையின் நிழற்படம் மின்னஞ்சலில் வந்தது. அது இறங்கி முடியப் பத்து நிமிடங்கள் வேண்டும். இணைப்போ ஆறாவது நிமிடத்தில் அறுந்துவிடும். அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். படம் மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாகவே விரியும். முதல் இரவில் அன்னையார் கண்டது பேரனின் நெற்றியை மட்டுமே. மறுநாள் புருவமும் கண்களும் தெரிந்தன. தஸ்பீஹ் மணியை உருட்டியவாறு அருகில் அமர்ந்திருந்தவர், “மூக்கு யாரைக் கொண்டிருக்குதுன்னு பார்க்க விடாம நிறுத்திப்புட்டானே!” என்றார். நான்காம் நாள் நள்ளிரவுக்குப் பின்னரே முழுமுகமும் கிடைத்தது. பாட்டனாரின் மூக்கேதான் அது.

அந்த நான்கு நாள்களுக்கும் கணக்கிலிருந்து எவ்வளவு நேரம் கழிந்தது என்று பார்த்தபோது நாம் திகைத்தோம். அன்றுமுதல் ஒரு குறிப்பேடு வைத்து, தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுதிவந்தோம். ஒரு மாத முடிவில் 61 இணைப்புகள். நம் கணக்கில் 19 மணி 40 நிமிடங்கள். நிறுவனத்தின் கணக்கிலோ 27 மணி 15 நிமிடங்கள்! ஒவ்வோர் இணைப்பையும் அடுத்த கால்மணிக்கு உயர்த்திக் கழித்திருந்தனர். ஒரு நிமிடத்தில் அறுந்தாலும் கால்மணி; பதினாறு நிமிடமானால் அரைமணி. இணைப்பு எவ்வளவுக்கு அடிக்கடி அறுகிறதோ அவ்வளவுக்கு விற்றவருக்கு இலாபம்.

சுமைகூலி இதற்கு அப்பால் இருந்தது. அந்நாளில் உள்ளூர் அழைப்புக்கு மூன்று நிமிடங்களுக்கு ஓர் அலகு. மறுமுனை எடுத்துவிட்டு உள்ளே அனுமதிக்காமல் துண்டித்த அழைப்புகளும் அலகுகளே. எல்லாம் சேர்ந்து அம்மாதத்தில் ஏறத்தாழ 460 அலகுகள். அலகுக்கு ஒரு ரூபாய் என்று கொண்டாலும் 460 ரூபாய். கழிந்துபோன இணைய நேரத்தின் விலையோ 190 ரூபாய்தான். முன்னோர் சொன்ன கால் பணமும் முக்கால் பணமும் ஏறத்தாழ அப்படியே நம் குறிப்பேட்டில் வந்து நின்றன.

குறிப்பேட்டின் நகலை இணைத்து நிறுவனத்துக்குப் பதிவஞ்சல் அனுப்பினோம். பெட்டிக்குள் வைத்த தாளில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், கால்மணிக் கணக்கு அச்சிடப்பட்டிருக்கிறது என்று விடை வந்தது. உண்மைதான், அச்சிடப்பட்டிருந்தது. பெட்டியைப் பிரித்த பின்னரே படிக்கக்கூடிய இடத்தில் அது இருந்தது. அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் சேவையை நிறுத்திக்கொண்டது. நம் கணக்கில் எஞ்சியிருந்த மணி நேரங்கள் எங்கே போயின என்று கேட்பதற்கு அங்கே எவரும் இல்லை.

வாசக அன்பர்கள் சிந்திக்க வேண்டியது இதுவே. அரிசிக் கடையில் படி நம் கண்முன் இருக்கிறது. அதன்மேல் அரசு முத்திரை இருக்கிறது. தலைவழித்து அளக்கிறாரா, கும்பமாக அளக்கிறாரா என்று பார்க்க முடிகிறது. அளவையில் குறைவு செய்வோரைக் கண்டிக்க ஒரு தனி அத்தியாயமே அருளப்பட்ட திருமறையை ஓதுகிற நமக்கு, அளவையின் அருமையை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நேரமும் செய்தியும் விற்பனைப் பொருளாகிவிட்ட காலத்தில், படி விற்பவரின் அறைக்குள் இருக்கிறது; வாங்குகிறவர் அதைப் பார்ப்பதில்லை. அளவையை அறியாதவனுக்கு மலிவு என்ற சொல்லில் பொருளேயில்லை.

டயல் செய்து பெறும் இணையம் வழக்கொழிந்தது. ஏஓஎல் நிறுவனமும் 2025 செப்டம்பர் 30ஆம் நாளோடு அதை நிறுத்திவிட்டது. கொரட்டூரும் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து, கண்ணாடியிழை வடங்கள் வீடுதோறும் வந்துவிட்டன. ஆயினும் பழைய படி முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஒரு மாதத்துக்கு என்று நாம் எண்ணிக் கைப்பேசிக்குப் பணம் கட்டுகிறோம். அது 28 நாள்களில் முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு முறை கட்டவேண்டிய ஆண்டில் பதின்மூன்று முறை கட்டுகிறோம். இதை உணர்ந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றையேனும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் ஆணையிட்டது. அத்தகைய திட்டம் உண்டென்று அறிந்து கேட்டு வாங்குகிற இல்லங்கள் எத்தனை?

ஆதலால், இல்லந்தோறும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். அது வணிகரைப் பகைப்பதற்கன்று. நேர்மையான வணிகர் அக்குறிப்பேட்டைக் கண்டு மகிழ்வார், அல்லாதவர் அஞ்சுவார். இரண்டும் சமூகத்துக்கு நலமே.