தண்ணீருக்குள் ஒரு ஸ்வெட்டர்

கோரிமேட்டில் மார்கழிக் குளிர் என்றால் விடியற்காலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஜிப்மர் பக்கம் உலாவப் போகிற குளிர்தான். எட்டு மணிக்குள் மஃப்ளர் தோளுக்கு இறங்கிவிடும். இந்த ஊரில் என் தங்கை மூன்று வாரமாகக் கம்பளிச் சட்டை பின்னினால் தெருவே விசாரிக்காதா?

சட்டை அவள் மகனுக்கு. ஐரோப்பாவில் படிக்கிற அந்தப் பிள்ளை, விடுமுறையில் ஐஸ்லாந்து போய் சில்ஃப்ரா என்ற பாறைப் பிளவில் முக்குளிக்கப் போகிறானாம். பனிமலை உருகி வந்த நீர். வருஷம் முழுதும் 2 முதல் 4 டிகிரிதான்.

“தண்ணிக்குள்ளே ஸ்வெட்டர் நனைஞ்சு போயிடாதாண்ணே?” என்றாள்.

நனையாது, அவன் அதற்கு மேல் போட்டுக்கொள்வது நீர் புகாத உடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர்ப் பட்டை இறுகப் பிடிக்கும். ஆனால் அந்த உடை பெரும்பாலும் மழைக்கோட்டு மாதிரி. அதற்கென்று சூடு கிடையாது. சூட்டைக் காப்பது உள்ளே இருக்கும் கம்பளியும், அதன் இழைகளுக்கிடையே தங்கிய காற்றும்தான். தண்ணீரோ காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைப் பறிக்கும். ஆழத்தில் நீரின் அழுத்தம் உள்ளே உள்ள காற்றை நசுக்கும்போது, சிலிண்டரிலிருந்து கொஞ்சம் காற்றை உடைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். மேலே வரும்போது அதை வெளியேற்றாவிட்டால் ஆள் பலூனாகக் கிளம்பிவிடுவான். இதை மட்டும் நான் தங்கையிடம் சொல்லவில்லை.

“உள்ளே ஒரு பனியன் போட்டுக்கச் சொல்லட்டுமா?”

பருத்தி கூடாது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரடித்துவிடும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு காக்கும்.

அவள் கழுத்தை நன்றாக உயர்த்திப் பின்னியிருந்தாள். பட்டையினடியில் ஓர் இழை சிக்கினாலும் நீர் கசியும் என்று பிள்ளை போனில் சொன்னான். முகம் சற்று வாடியது. பேசாமல் கழுத்தைப் பிரித்து நூலை உருண்டையாகச் சுற்றினாள்.

நம் தூத்துக்குடி முத்துக்குளிகாரர்கள் கல்லையும் கயிற்றையும் நம்பி வெற்றுடம்போடு இறங்கினார்கள். மன்னார் வளைகுடா வெதுவெதுப்பான கடல்; அவர்களுக்குக் கம்பளி தேவைப்படவில்லை. கொரியாவின் ஜேஜூ தீவுப் பெண்களின் பாடு வேறு. குளிர்காலத்தில் 10 டிகிரி நீரில், பருத்தி உடையோடு மூழ்கிச் சங்கும் சிப்பியும் எடுத்தார்கள். 1960களில் அவர்களை ஆராய்ந்தவர்கள், குளிர்காலத்தில் அந்த உடம்புகள் கூடுதல் சூட்டை உண்டாக்குவதைக் கண்டு அதிசயித்தார்கள். 1970களின் பிற்பகுதியில் ரப்பர் உடை வந்தது. சில ஆண்டுகளில் அந்த ஆற்றல் மறைந்துவிட்டது.

இதைப் பெரிய நஷ்டமாகச் சொல்பவர்கள் உண்டு. கரையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். முன்பு குளிர்காலத்தில் அரைமணிக்குள் கரையேறி நெருப்பைச் சுற்றி நடுங்கிக்கொண்டிருந்த பெண்கள், ரப்பர் உடை வந்த பிறகு மணிக்கணக்கில் கடலில் இருந்தார்கள்.