சேவூரைச் செய்யூர் ஆக்கினேன்

ஒரு குடும்பத்தின் குலதெய்வத்தை நான் மாற்றிவிட்டேன். தெரியாமல் செய்ததல்ல. பாதி தெரிந்திருந்தது, மீதியைத் தெரிந்துகொள்ள மனம் வரவில்லை.

வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக்காலம் பெரும்பாலும் ரெக்கார்டு ரூம் தூசியில் போனது. வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலக் கையெழுத்தைப் படிப்பதில் செய்யூர் வட்டாரத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. சிங்கிள்புட் என்றால் செங்கல்பட்டு, கோவ்லாங் கோவளம், சட்ராஸ் சதுரங்கப்பட்டினம், கரங்கூலி கருங்குழி. அலம்பார்வா என்று இருந்தால், கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலோரம் இடிந்து கிடக்கிற ஆலம்பரைக் கோட்டை. 'செவன் பகோடாஸ்' என்ற பேரைப் பிடித்துக்கொண்டு ஏழு கோயில் தேடுகிறவர்களை மாமல்லபுரம் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். இப்படிச் சொல்லிச் சொல்லியே தலைக்கனம் ஏறிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓர் அம்மா தன் மகன், மருமகள், கைக்குழந்தையோடு வந்தார். தமிழ் அவருக்குச் சில சொற்கள்தான் வரும். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு, அதே டர்பன் இருக்கிற நேட்டாலில் போய் நின்றது. அன்று தொடங்கி 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே போனார்கள். பெரும்பாலோர் மதராஸ் மாகாணத்துக்காரர்கள். அந்த அம்மாவின் கொள்ளுத்தாத்தா 1880களில் போனவர். கப்பல் பதிவேட்டில் அவருடைய வரி இருந்த பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார்கள்.

அந்தப் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, பிறகு ஜில்லா, தாணா, கிராமம். தாலுகா என்று எழுதாமல் தாணா என்று வடக்கத்திச் சொல்லைப் போட்டிருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் வாயால் சொன்னது ஒரு குமாஸ்தாவின் காதில் விழுந்து, அவன் ஆங்கிலத்தில் வந்தபடி எழுதியதுதான் ஊர்ப்பேர். சரியா என்று படித்துப் பார்க்க, கப்பலேறினவருக்குத் தெரியாது.

அந்த வரியில் பேர் 'கந்தசாமி'. கிராமத்தின் பேர் எஸ், இ, அடுத்து வாலோடு ஓர் எழுத்து, பிறகு இரண்டு ஓ, ஆர். அந்த வாலை 'ஒய்' என்று வாசித்தேன். சேயூர், அதாவது செய்யூர்! எங்கள் ஊர்தான். சேய் என்றால் முருகன், இங்கே கந்தசாமி கோயில், உங்கள் தாத்தா பேர் கந்தசாமி, வேறென்ன வேண்டும் என்று அளந்தேன். அந்தக் காலத்தில் எந்த ஊரில்தான் கந்தசாமி இல்லை? தாணா இருந்த இடத்தில் ஒரே கறை. முதல் எழுத்து 'ஏ' மட்டும் தெரிந்தது. "அச்சிறுபாக்கம்" என்றேன், கொஞ்சமும் கூசாமல். அந்த நாளில் செய்யூர் மதுராந்தகம் தாலுகாவில் இருந்தது என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஜில்லாவுக்கு நேரே வெறும் 'டிட்டோ' குறி. அது எந்த வரியிலிருந்து இறங்கி வருகிறது என்று மேலே போய்ப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று. அந்த அம்மா, "எங்க ஆயா சேவூர்னு சொல்லும் அண்ணா" என்றார். நான் சிரித்தேன். "நாலு தலைமுறை ஆச்சேம்மா, நாக்கு மாறிப் போயிருக்கும்" என்று சொல்லி, செய்யூர், செய்யூர் என்று அவரைச் சொல்லவைத்துத் திருத்தினேன். தாய்வழியாக வாய்க்கு வாய் மாறாமல் வந்த பேரை, குமாஸ்தாவின் கிறுக்கலை நம்பி நான் அழித்தேன்.

"அண்ணா, ஷ்யூரா?"

"இதுதாம்மா உங்க ஊர்."

மறுநாள் காலை, அதுதான் குலதெய்வம் என்று, கந்தசாமி கோயிலில் குழந்தைக்கு மொட்டை அடிப்பதாக ஏற்பாடு. அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஜெராக்ஸை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு வரி தள்ளி கோவிந்தன் என்று ஒருவர். அந்தப் பேரின் நடுவிலிருந்த 'வி'க்கும் அதே வால். அந்தக் குமாஸ்தா 'வி'யைக் கீழே இழுத்துத்தான் எழுதுவான் போலிருக்கிறது. டிட்டோவைப் பிடித்து மேலே போனேன். பக்கத்தின் மேல்பாதியில் 'நார்த் ஆர்க்காட்' என்று தெளிவாக நின்றது. அப்படியானால் அது சேவூர். கறைக்குள் இருந்த 'ஏ', ஆரணி. எங்கள் ஊருக்கு மேற்கே, இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது.

விடிந்ததும் சொல்லியிருக்கலாம். கோயில் வாசலில் மேளம் வந்து நின்றது. பஞ்சாயத்தார் மாலையோடு வந்துவிட்டார்கள். எனக்கும் ஒரு சால்வை. குழந்தை தலையில் கத்தி வைத்தபோது வீறிட்டு அழுதது. அந்த அம்மாவும் அழுதார். கந்தசாமி சன்னதியில் நின்று, நூற்றிச் சொச்சம் வருஷம் கழித்து வந்துவிட்டோம் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான்தான் குருக்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னேன். குலதெய்வம் என்பது பெரும்பாலும் ஊர் எல்லையில் இருக்கிற ஓர் அம்மனோ முனீஸ்வரனோதான், இவ்வளவு பெரிய கோயிலாக இருக்காது என்று விவரம் தெரிந்த எவரும் கேட்டிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

பிறகு என் பேர் பரவிற்று. மொரீஷியஸ்காரர் ஒருவர் வந்தார், பீஜியிலிருந்தும் விசாரித்தார்கள். அவர்களுக்கு ஒழுங்காகத்தான் பார்த்துச் சொன்னேன். ஜில்லாவைப் பார்த்து, தாலுகாவைப் பார்த்து, அதற்கப்புறம்தான் ஊர். ஒரே மாதிரி எழுத்துள்ள ஊர்களை எல்லாம் எழுதிவைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவேன். முறை எனக்குத் தெரியும் என்பதுதான் இதில் கேவலம். முதல் குடும்பத்திடம் அந்த முறையைக் கைவிட்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: அவர்கள் என் ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கடல் கடந்து வந்தவர்கள் என் தெருவில் இறங்கி நிற்கிற பெருமை வேண்டியிருந்தது.

2020 ஜூனில் அரசாங்கம் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்குத் தக்கபடி மாற்றிய ஆணையை வெளியிட்டது. கேலி கிளம்பியது, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். அப்போது பலரும் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். பழைய தாளில் இருக்கிற எழுத்து பழைய எழுத்தாகவே இருக்கும், பலகையில் எப்படி எழுதினாலும் கப்பல் பதிவேடு மாறாது என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். பேசும்போதே சேவூர் நினைவு வந்தது. அப்போதும் சொல்லவில்லை.

போன மாதம் டர்பனுக்கு எழுதிவிட்டேன். எழுத்தின் வாலையும், டிட்டோவையும், உங்கள் ஆயா சொன்னதே சரி என்பதையும் எழுதினேன். பதில் வரவில்லை; வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஆரணி சேவூர்க்காரர்கள் இதைப் படித்தால் ஓர் உதவி. 1880களில் கப்பலேறிப் போய்த் திரும்பாத கந்தசாமி என்ற ஒருவரைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பேசியிருந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். அந்த வீட்டுக் குலதெய்வம் எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.