ஆயாவின் 41 நிமிஷம்

டக்... டக்... என்று சத்தம் வந்தபோது, ஃபேனில் தூசி என்றுதான் நினைத்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர், சத்தம் போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். அந்த ஒரு வாரத்துக்காக இன்றைக்கும் என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

உள்ளே இருந்தது, செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரிகளில் ஆறு வருஷம் அலைந்து பதிந்த பேச்சு. கூடவே சிட்டா, அடங்கல் போட்டோக்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் நமக்கென்று ஒதுக்கச் சொன்ன நிலம், காகிதத்தில் நம்முடையது, காலடியில் யாருடையதோ. இடையில் என்ன நடந்தது என்பதை எந்தத் தாலுகா ஆபீசும் எழுதிவைக்கவில்லை. கிழவிகள் வாயில்தான் இருக்கிறது. 2021இல் செத்துப்போன ஓர் ஆயா 41 நிமிஷம் பேசியிருந்தார். "ரெண்டு மூட்ட நெல்லுக்குத்தான் கைநாட்டு வெச்சோம் கண்ணு. நெலத்துக்குன்னு எவன் சொன்னான்?"

பேக்கப் இருக்கிறது என்று வேறு நம்பிக்கொண்டிருந்தேன். சி டிரைவில் ஒன்று, டி டிரைவில் ஒன்று. ரெண்டும் ஒரே டிஸ்க்கில் போட்ட கோடு என்பதை எம்.ஏ. தமிழில் யாரும் சொல்லித்தரவில்லை. ஒரே குடிசைக்குள் தடுப்பு கட்டியதுமாதிரிதான். கூரை பற்றினால் எது மிஞ்சும் என்று நமக்குத் தெரியாதா என்ன?

தோழர் ஒருவர் வந்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுக் காட்டினார். இலவசம்தான். டிஸ்க் தன் உடம்பைப்பற்றித் தானே எழுதிவைக்கிற 'ஸ்மார்ட்' கணக்கை அது படித்துச் சொல்லும். நீலம் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம். எனக்கு மஞ்சள். 5ஆம் எண் வரி, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுத்த செக்டார்கள். 197ஆம் எண், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. ரெண்டும் பூஜ்யமாக இருக்கணும். ஏறிக்கொண்டிருந்தன. முழு ஸ்கேன் போடலாமா என்று கேட்டேன். "சாகக் கெடக்குறவங்கள ஓடவுட்டுப் பாப்பீங்களா? மொதல்ல முக்கியமானத வெளிய எடுங்க" என்றார்.

நீலமாக இருந்தாலும் நிம்மதி கிடையாது. கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேலானவை, வெப்பத்தைத் தவிர்த்த மற்ற எந்தக் கணக்கிலும் அறிகுறி காட்டாமலே போனவை. ஆகவே பிரதிதான் வழி. இப்போது என்னிடம் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, ஊரில் ஆயாவின் பேத்தி வீட்டுப் பீரோவில் ஒன்று. போலீஸ் வந்தால் மேஜைமேல் இருப்பதையெல்லாம் சேர்த்துத்தானே தூக்குவான்! மாசம் ஒருதரம் திறந்து, காதால் கேட்டும் பார்க்கிறேன். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய இதழில் எழுதியவை 1999இல் தொகுதிகளாக நம் கைக்கு வந்ததும், யாரோ தம் வீட்டில் பழைய இதழ்களைக் கட்டிவைத்திருந்ததால்தான்.

ஆயாவின் பேச்சு 17ஆவது நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. மீதியை ஞாபகத்திலிருந்து எழுதி, அவர் மகளிடம் படித்துக்காட்டினேன். முழுசையும் கேட்டுவிட்டு, "எங்கம்மா இப்படிப் பேசாதும்மா" என்றார்.